மிஸ்டர் கொண்டலுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தது யார்

நீங்கள் யாரும் வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்பதில்லை. ‘நெட்டு ஸ்லோவா இருக்குதுங்க’ என்று அவர் ஆரம்பித்ததுமே உங்கள் கை ரீசெட் பொத்தானை அழுத்த ஊசி தேடப் போய்விடுகிறது. அதற்கு அடுத்து அவர் சொல்லும் வாக்கியம் உங்கள் காதுக்கு வருவதே இல்லை. ஊகத்தில் சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டு இணைப்பைப் பார்க்க வந்த உங்களில் ஒருவர் இப்படித்தான் செய்தார். நான் யார் என்றுகூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பெயரை எழுதவில்லை. அவருக்குத் தெரியும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அக்கா, கொஞ்சம் இனிமையாக இருக்கட்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இனிமை எனக்கு வராது. கேபிள் டிவி காலத்தில் புகார் மேசையில் சேர்ந்தவள் நான். சீரியல் நடுவில் கேபிள் போனால் காரைக்கால் மக்கள் போனில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்பதைப் பல வருடம் கேட்டு ஊறிய காது இது. பிறகு ஃபைபர் வந்தது. ஆள் பற்றவில்லை என்று என்னைக் களத்துக்கு அனுப்பினார்கள். ஸ்கூட்டரில் மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டு போய் இறங்கினால், ‘ஆம்பள ஆளு யாரும் வரலீங்களா’ என்பார்கள். ‘வந்தாங்க, மூணு பேரு வந்தாங்க. அதனாலதான் நான் வந்திருக்கேன்’ என்பேன். அதற்குப் பிறகு காபி வரும்.

ஒளி எவ்வளவு வர வேண்டும், எந்த விளக்கு எப்போது சிவக்கும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. கையேட்டில் இல்லாத ஒரு புகாரைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் செய்த முட்டாள்தனமும் வரும். மறைக்க மாட்டேன்.

ஒரு புதன்கிழமை மதியம் அலுவலகத்துக்கு ஒரு அம்மாள் வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு நேராக மேலாளர் மேசைக்குப் போனார்.

“எங்க வூட்டுக்காரரு செத்துப்போயிட்டாருன்னு ஒரு தாள்ல எழுதி சீலு வச்சுக் குடுங்க. நான் பிரான்சுக்கு அனுப்பிச்சிட்டு நிம்மதியா இருக்கேன்.”

மேலாளர் எழுந்து நின்றார். “உக்காருங்கம்மா. எப்ப தவறுனாரு?”

“தவறல. வூட்ல இட்லி சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. ஆனா அதக் காட்ட உங்க நெட்டால முடியல. மூணு தடவ ஆளு வந்துட்டுப் போயாச்சு. அப்ப நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.”

அவர் பெயர் அஞ்சலை. மண்டபத்தூர். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். ஊரில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை, சொல்தா வீடு என்றால்தான் வழி காட்டுவார்கள். வருடா வருடம் தான் உயிரோடு இருப்பதாக அவர் பிரான்சுக்குச் சான்று அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் ஓய்வூதியம் தொடரும். எப்போதும் நேரில் போய்க் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார். அந்த வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். எழுதிக் கேட்டதில், சரி, வீடியோவில் முகத்தைக் காட்டுங்கள் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குக் காலை பத்து மணி. நமக்கு மதியம் ஒன்றரை.

முதல் தடவை காட்டியபோது சொல்தா கொட்டாவி விட வாயைத் திறந்தார். கண் மூடிக்கொண்டது. அந்த நொடியில் படம் உறைந்துவிட்டது.

“நாலு நிமிசம் அப்புடியே நின்னுபோச்சு. வாயத் தொறந்து, கண்ண மூடி. எனக்கே திக்குன்னுச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பொண்ணு கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துச்சு. அப்புறம் நெஞ்சுல சிலுவ போட்டுக்கிச்சு” என்றார் அஞ்சலையம்மாள்.

இரண்டாவது தடவை குரல் வந்தது, முகம் கட்டம் கட்டமாகச் சிதறிவிட்டது. கட்டங்களுக்குச் சான்று கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு மறுநாள், வியாழக்கிழமை. அதிலும் முகம் தெரியாவிட்டால் அவர் நேரில் வந்து நிற்கும் வரை ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். எழுந்து கழிவறைக்கே போக முடியாத மனிதர் பிரான்சுக்குப் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது.

“நாளைக்கு நானே வர்றேங்க” என்றேன்.

“நீங்களா? ஆம்பள ஆளு வேற யாரும்…”

“இல்லீங்க. எல்லாரும் தீந்துட்டாங்க.”

அவர் போன பிறகு புகார்க் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். வேறு ஊரில் இருக்கும் அழைப்பு மையத்துப் பெண் ஆங்கிலத்தில் தட்டியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மிஸ்டர் கொண்டல் தினமும் பன்னிரண்டு மணிக்கு மேல் வருகிறார். அவர் வந்தால் வேகம் குறைகிறது.’ கீழே நம் ஆட்கள் மூன்று பேர் எழுதி மூடியது. முதல் ஆள்: வேகம் சோதிக்கப்பட்டது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, குறை இல்லை. இரண்டாவது ஆள்: பாஸ்வேர்டு மாற்றப்பட்டது, கொண்டலுக்குத் தர வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டது. மூன்றாவது ஆள்: ரவுட்டர் மாற்றப்பட்டது, வேகம் தொண்ணூற்றேழு, வாடிக்கையாளர் திருப்தி.

திருப்தி அடைந்த வாடிக்கையாளர்தான் ஆட்டோ பிடித்து வந்து இறப்புச் சான்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

எனக்கும் விஷயம் புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். யாரோ கொண்டல் என்கிற உறவுக்காரர். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர். வந்து உட்கார்ந்து போனில் படம் படமாகப் பார்த்துத் தள்ளுகிறார். பாஸ்வேர்டை மாற்றினாலும் வீட்டில் யாரோ இரக்கப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். போய் ஆளை நேருக்கு நேர் பிடித்துவிட வேண்டியதுதான். ராத்திரி படுக்கும்போதே அவரிடம் என்ன பேசுவது என்று வாக்கியங்களை அடுக்கி வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மண்டபத்தூரில் இருந்தேன். கடலுக்குப் போகும் தெருவின் கடைசியில் வீடு. முன்னறையில் கட்டில். சொல்தா தயாராக இருந்தார். மேலே பதக்கங்கள் குத்திய கோட்டு, கீழே கைலி, கைலிக்குக் கீழே மாவுக்கட்டு. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘கொண்டலுக்குப் பாஸ்வேர்டு தரக் கூடாது.’

சோதித்துப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. கட்டிலுக்குப் பக்கத்திலும் தொண்ணூற்று நாலு. குறையே இல்லை. அப்படியென்றால் ஆள்தான் குறை என்று முடிவு செய்து அஞ்சலையம்மாளிடம் விசாரணையை ஆரம்பித்தேன்.

“இந்தக் கொண்டல் எத்தன மணிக்கு வர்றாருங்க?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அதென்ன மணியடிச்சா வரும்? பன்னண்டு, பன்னண்டரைக்கு ஏறும்.”

“ஏறும்னா, மாடிக்கா?”

“மாடிக்குந்தான். மாடியில இன்னும் நல்லாருக்கும்.”

“வந்தா எவ்வளவு நேரம் இருப்பாரு?”

“பொழுது எறங்குற வரைக்கும் இருக்கும். சித்திர வைகாசியில தெனம் வரும்.”

கணவர் வழி உறவாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் வீட்டுக்கு வருகிற மனிதரை இப்படி ‘வரும், இருக்கும்’ என்று மாட்டைச் சொல்வது போலச் சொல்வாரா. எனக்குச் சங்கடமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“வரவேணாம்னு பக்குவமா சொல்லிப் பாத்தீங்களா?”

“யாரு, நானா?”

“அந்த நேரத்துக்குக் கதவச் சாத்தி வச்சிடலாமே.”

“சாத்திப்புட்டு உள்ள புழுங்கிச் சாவவா? அது வந்தாத்தான் எங்களுக்கு உசுரே. இங்க மன வாங்குனதே அதுக்காவத்தானே.”

ஒரு விருந்தாளிக்காக மனை வாங்கிய குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கட்டிலில் இருந்து சொல்தா சொன்னார்: “முன்ன வந்த தம்பியும் இதேதான் கேட்டுச்சு. அந்தத் தாள எழுதி ஒட்டுனதும் அதுதான். நான் சரின்னுட்டேன். பட்டாளத்துல இதவிடக் கிறுக்கு உத்தரவெல்லாம் வரும். கேள்வி கேக்கக் கூடாது.”

பன்னிரண்டு இருபதுக்கு அஞ்சலையம்மாள், “அந்தா, வந்துடுச்சு” என்றார்.

நான் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை. வாசல் திரை மட்டும் உப்பிக்கொண்டு உள்ளே வந்தது. சுவரில் நாட்காட்டி படபடத்தது. கொண்டலுக்கு எதிரான அந்தத் தாளின் ஒரு மூலை பிய்ந்துகொண்டு ஆடியது. கையில் இருந்த போனைப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு, நாற்பத்தொன்று, ஒன்பது, மூன்று.

பக்கத்து வீட்டு மாரியப்பன் அப்போதுதான் மீன் பையோடு வந்து வாசலில் நின்றார். மீன் ஏற்றும் சின்ன வண்டி வைத்திருப்பவர். “யாரங்க தேடுறீங்க?” என்றார்.

“கொண்டல்ங்கிறவர.”

அவர் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். சிரிக்கலாமா என்று சொல்தாவிடம் கண்ணால் அனுமதி கேட்டது போல இருந்தது. “அது காத்துங்க” என்றார். “கடலுலேர்ந்து வர்ற காத்து. கெழக்குக் காத்து.”

நான் நெரவியில் பிறந்தவள். எங்கள் வயல் பக்கம் கிழக்கத்திக் காத்து என்போம். கொண்டல் என்பது கடலுக்குப் போகிறவர்கள் வாயில் வரும் சொல். ஆனாலும் அறவே தெரியாத சொல் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கோ கேட்டதுதான். முன்னால் மிஸ்டர் என்று போட்டுவிட்டால் எந்தப் பெயருக்கும் மீசை முளைத்துவிடுகிறது. எனக்கு முன்னால் வந்துபோன நம் ஆட்கள் மூன்று பேரும் அந்த மீசையைத்தான் பார்த்தார்கள், நான்காவதாக நான்.

அஞ்சலையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “அப்ப நீங்க இம்புட்டு நேரம் யாரன்னு நெனச்சு கேட்டுக்கிட்டு இருந்தீங்க?”

“உங்க வூட்டுக்காரரு வழி சொந்தம்னு நெனச்சேங்க.”

“அவரு வழி சொந்தத்துக்கு நான் மன வேற வாங்கிக் குடுப்பேனா?”

சிரிக்க நேரம் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆனால் அந்த நிமிடம் எனக்கு இன்னொன்றும் உறைத்தது, அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மூன்று பேரும் ஏன் வேகம் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள்? அவர்கள் சோம்பேறிகள் அல்ல, பொய் எழுதவும் இல்லை. மூன்று பேரும் காலையில் வந்தார்கள். ஏன் காலையில் வந்தார்கள்? கடலோர ஊர்கள் காலையில், டவுன் மதியத்தில் என்று அலுவலகத்தில் ஓர் அட்டவணை இருந்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்றில் ஏணி ஆடுகிறது, ஒருவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார், ஆகவே பன்னிரண்டு மணிக்கு மேல் கடலோரத்தில் யாரும் ஏணி போடக் கூடாது என்று விதி. அந்த விதியை எழுதியவள் நான். காற்றுக்குப் பயந்து காற்று இல்லாத நேரமாகப் பார்த்து ஆளை அனுப்பிவிட்டு, காற்றால் வரும் குறை ஏன் தெரியவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

வயரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன். மேற்கே தெருவில் கம்பம். அங்கிருந்து மாரியப்பன் வீட்டு முற்றத்துக்கு மேலே வந்து சொல்தா வீட்டுச் சுவருக்குள் நுழைகிறது. நடுவில், மாரியப்பன் முற்றத்தில், ஒல்லியாக ஒரு தென்னை. வயரின் இடுப்பில் நைலான் கயிற்றால் ஒரு முடிச்சு, முடிச்சின் மறுமுனை தென்னையில். காற்றடிக்க அடிக்கத் தென்னை மேற்கே சாய்ந்தது. வீட்டுப் பக்கத்து வயர் விண்ணென்று நின்றது.

“இது யாரு கட்டுனது?”

“நாந்தாங்க. உங்க வயரு தொங்கிச்சு. வண்டி மேல மாட்டி அந்துடப் போவுதுன்னு தூக்கிக் கட்டுனேன். அஞ்சு மாசமாச்சு.” நான் முடிச்சை உற்றுப் பார்த்ததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். “இழுக்க இழுக்க எறுகும் முடிச்சுங்க. சொறா மாட்டுனாலும் அவுறாது.”

“இதுக்குள்ள ஓடுறது வெளிச்சம், மாரியப்பன். சொறா இல்ல.”

“வெளிச்சத்தக் கட்ட முடியுமாங்க?”

“கட்டியிருக்கீங்களே.”

உள்ளே இருப்பது முடியளவு கண்ணாடி இழை. நேராக இருந்தால் வெளிச்சம் ஓடும், ஒடித்து மடக்கினால் வழியிலேயே கசிந்துவிடும். காலையில் மரம் நிமிர்ந்து நிற்கும், முடிச்சு தளர்ந்திருக்கும், தொண்ணூற்றேழு வரும். கொண்டல் ஏறினால் மரம் சாயும், முடிச்சு இறுகும், சொல்தா செத்துப்போவார்.

மாரியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வண்டியில் இருந்து மீன் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் உங்களில் முக்கால்வாசிப் பேர் கத்தியை வாங்கி நீங்களே அறுத்திருப்பீர்கள். குறை கண்ணுக்குத் தெரிகிறது, அதை நீக்கினால் வேலை முடிந்தது என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஆனால் அந்த முடிச்சு ஐந்து மாதமாக வயரை நெரித்திருக்கிறது. உள்ளே இழை எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது. அறுக்கும்போது வயர் உதறி இழை முறிந்தால் இப்போது வருகிற அந்த மூன்றும் கிடையாது, ஒன்றும் கிடையாது. புது வயர் இழுத்து இணைக்க எனக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும், இருந்தது நாற்பது நிமிடம். செல்போனில் இணைக்கலாம் என்றால் அந்தத் தெருக்கோடியில் மொட்டை மாடியில்தான் ஒரு கோடு காட்டும், அவரைக் கட்டிலோடு மாடிக்கு ஏற்ற முடியாது. கெட்டுப்போன பொருள் ஒன்று பாதியாவது வேலை செய்துகொண்டிருந்தால், அவசரத்தில் அதைத் தொடாதீர்கள். அதைச் சுற்றி இருப்பதை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

“வயரத் தொட வேணாம். மரத்த நிமித்தணும்” என்றேன்.

அஞ்சலையம்மாள் தலையில் கை வைத்தார். மாரியப்பன் சிரிக்கவில்லை. மரத்தை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “எவ்வளவு நேரத்துக்குங்க?” என்று மட்டும் கேட்டார். இத்தனை வருடப் பணியில் என்னிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது.

வண்டியை மரத்தடிக்குக் கொண்டுவந்து, அதன் ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று, முடிச்சுக்கு மேலே எட்டிய வரைக்கும் படகுக் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். ஏணி போடவில்லை என்பதைக் கவனியுங்கள். என் விதியை நான் மீறவில்லை. கயிற்றின் மறுமுனையை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து மெல்ல நகர்த்தினார். நான் சன்னலில் நின்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்று. பதினொன்று. நாற்பது. எழுபத்தாறு. பிறகு சட்டென்று பதினெட்டு. ரொம்ப இழுத்தால் கம்பத்துப் பக்கத்து வயர் இறுகிக்கொள்கிறது.

“ஒரு சாண் பின்னால.”

எழுபத்தெட்டு. அங்கேயே நிறுத்தி பிரேக் போடச் சொன்னேன். இன்ஜினை அணைக்க வேண்டாம், காற்று வேகம் மாறினால் தேவைப்படும் என்றேன். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாரியப்பன் தென்னை மரத்தை எங்கே கொண்டுபோகிறார் என்று ஒருவர் கேட்டார். பிரான்சுக்கு என்று அஞ்சலையம்மாள் சொன்னார்.

ஒன்றரைக்கு அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் அதே பெண். சொல்தாவை உயிரோடு பார்த்ததில் அவருக்கே ஆறுதல் போல இருந்தது. பெயர் கேட்டார், பிறந்த தேதி கேட்டார். சொல்தா பிரெஞ்சில் விறைப்பாகப் பதில் சொன்னார். வலது பக்கம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினார். இடது பக்கம் திரும்பச் சொன்னார்கள். பாதி திரும்பியபோது ஒரு பெருங்காற்று. படம் நின்றுவிட்டது.

சன்னலில் கையை ஆட்டினேன். மாரியப்பன் பார்க்கவில்லை. “மாரியப்பா, முன்னால எடு” என்று அஞ்சலையம்மாள் கத்தினார். இன்ஜின் சத்தத்தில் அவருக்குப் பின்னால என்று கேட்டிருக்க வேண்டும், பின்னால் எடுத்தார். கயிறு தொய்ந்தது, தென்னை தன்னிஷ்டத்துக்குச் சாய்ந்தது, எண் இரண்டுக்கு வந்தது.

சொல்தாவுக்குப் பொறுக்கவில்லை. தான் எந்த நாட்டு அலுவலகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து சன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

“முன்னாலடா மடப்பயலே, முன்னால. பின்னாலயும் முன்னாலயும் தெரியாத ஒனக்கு எவன்டா லைசன்ஸ் குடுத்தான்? என் கம்பெனியில இருந்திருந்தா ஒன்ன அன்னிக்கே சுட்டிருப்பேன்.”

அதைத் தொடர்ந்து பிரெஞ்சிலும் கொஞ்சம் வந்தது. அது நல்ல வார்த்தைகள் அல்ல என்று தெரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. மாரியப்பன் இரண்டு மொழியையும் புரிந்துகொண்டு வண்டியை முன்னால் எடுத்தார். சரியாக அந்த நேரம் படம் திரும்பி வந்தது. பிரான்சில் தெரிந்தது இதுதான்: சிவந்த முகம், ஆட்டிய முஷ்டி, குலுங்கிச் சத்தம் போடும் பதக்கங்கள்.

அந்தப் பெண் ஏதோ சொன்னார். சொல்தா கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

“என்ன சொல்றா?” என்றார் அஞ்சலையம்மாள்.

“போதும் முசே, நீங்க உசுரோட இருக்கீங்க, அதுல எங்களுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லங்கிறா.”

“நாப்பது வருசமா இந்தக் கத்தலத்தானே நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

சான்று ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சொல்தா மட்டும் சிரிக்கவில்லை. கோட்டுப் பொத்தானைக் கழற்ற முயன்றார், முடியவில்லை. அஞ்சலையம்மாள் போய்க் கழற்றிவிட்டார். திட்டவில்லை. “சாப்புடுங்க, ஆறிப்போவுது” என்றார்.

மறுநாள் காலை, காற்று ஏறும் முன்பே போய்ப் புது வயர் இழுத்தேன். பழையதை அறுத்து இறக்கி, முடிச்சை அவிழ்க்கத்தான் பார்த்தேன். அவிழவில்லை, மாரியப்பன் சொன்னது உண்மை. கத்தி வைத்ததுமே உள்ளே இழை முறிந்துவிட்டது. முந்தின நாள் அறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாரியப்பனிடம் காட்டினேன். முறிந்த துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் போயா இந்த முடிச்சப் போட்டேன்” என்றார்.

புகாரை மூடும்போது காரணம் என்ற இடத்தில் ‘கொண்டல்’ என்று எழுதினேன், மிஸ்டர் போடாமல். மேலாளர் கூப்பிட்டார். காற்று என்று எழுதினால் மேலிடத்தில் கேட்பார்கள் என்றார். கேட்கட்டுமே, நாம் கேட்காததை அவர்களாவது கேட்கட்டும் என்றேன். ஒரே வீட்டில் அரை நாளைக் கழித்ததற்கும், நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத வாகனத்தால் சம்பந்தமில்லாத மரத்தை இழுத்ததற்கும் விளக்கம் கேட்டு ஒரு தாள் கொடுத்தார். ‘மரம் சம்பந்தப்பட்டதுதான்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அதோடு என் அட்டவணையையும் நானே கிழித்துப் போட்டேன். ஏணி விதி இருக்கட்டும். ஆனால் மதியம் மெதுவாகிறது என்று ஒருவர் சொன்னால் மதியம்தான் போக வேண்டும். ஏணி இல்லாமல் போங்கள், கண்ணை எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது இதைப் படிக்கிறவர்களில் புத்திசாலிகள் சிலர், தப்பு அழைப்பு மையத்துப் பெண்ணுடையது என்பீர்கள். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. காற்றை மனிதராக்கினார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் வாயில் வந்த சொல்லை, தனக்குப் புரியாவிட்டாலும், தட்டி வைத்தார். எத்தனை மணிக்கு மேல் என்பதையும் தட்டினார். முதல் நாளே முழு விடையும் அந்தக் குறிப்பில் இருந்தது. ‘வேகம் குறைவு’ என்று மட்டும் அவர் எழுதியிருந்தால், நான் தப்பான ஆளைக்கூடத் தேடிப் போயிருக்க மாட்டேன். பன்னிரண்டு இருபது வரை அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கவே மாட்டேன். தொண்ணூற்றேழு என்று எழுதிவிட்டு நாலாவது ஆளாகத் திரும்பியிருப்பேன்.

ஆகவே நான் கேள்விப்பட்டது உண்மைதானா என்று கேட்கிறேன். இந்த வருடம் புகார்ப் படிவம் மாற்றப்பட்டிருக்கிறதாம். வாடிக்கையாளர் சொன்னதை எழுதும் இடம் எடுக்கப்பட்டுவிட்டதாம். எட்டுக் காரணங்கள் வரிசையாக இருக்குமாம், ஒன்றைத் தொட வேண்டுமாம். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடமாம்.

போன வாரம் திருவேட்டக்குடியில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மாள் என்னைக் கூப்பிட்டார். என் எண்ணை மாரியப்பன் கொடுத்திருக்கிறார். மகள் வெளிநாட்டில் செவிலியர், வாரம் ஒரு நாள் வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்றைக்குத்தான் பேரப்பிள்ளையின் முகத்தைக் காட்டுவாள். ‘வெள்ளிக்கெழம மட்டும் நெட்டு நொண்டுதுங்க. மத்த நாளு நல்லாத்தான் ஓடுது’ என்றார். இதையேதான் அழைப்பு மையத்திலும் சொல்லியிருக்கிறார். எட்டில் ஒன்றைத் தொட்டு இரண்டு தடவை மூடிவிட்டார்கள். உங்களில் இரண்டு பேர் போயிருக்கிறீர்கள், ஒருவர் செவ்வாய், ஒருவர் புதன். ஏன் வெள்ளிக்கிழமை மட்டும்? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தச் சொல் உங்களிடம் வந்து சேரவே இல்லை.

படிவத்தை மாற்றிய மேலாளர் அவர்களே, இது உங்களுக்கு. தனியாகக் கூப்பிட்டு எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம், தாளும் அனுப்ப வேண்டாம். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், களத்துக்குப் போகிற அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்பது உங்கள் எட்டில் எத்தனையாவது?